திருவனந்தபுரம் ட்ரிப்: திங்கட்கிழமை லீவு போட்டால் ஏன் வீண்?

லாங் வீக்கெண்டுக்குத் திருவனந்தபுரம் போறீங்களா? டிக்கெட் போடும் முன் கிழமையைப் பாருங்க. நேப்பியர் மியூசியம், உயிரியல் பூங்கா, குதிரை மாளிகை, பத்மநாபபுரம் அரண்மனை நான்குக்குமே திங்கள் விடுமுறை. லீவை வெள்ளிக்கிழமைக்கு மாத்திக்கோங்க.

கார் தேவையா?

நகருக்குள் தேவையில்லை. சென்ட்ரல் ரயில் நிலையமும் கேஎஸ்ஆர்டிசி பஸ் நிலையமும் தம்பானூரில் எதிரெதிரே இருக்கு. பத்மநாபசுவாமி கோயிலுக்கு அங்கிருந்து சுமார் ஒரு கிலோமீட்டர்தான், நடந்தே போகலாம். குதிரை மாளிகை கோயிலுக்குப் பக்கத்திலேயே. மியூசியமும் பூங்காவும் ஒரே வளாகம். கிழக்கே கோட்டையிலிருந்து பஸ் கிடைக்கும். 2021-ல் தொடங்கிய 'சிட்டி சர்குலர்' பஸ்களில் ஒவ்வொரு வழித்தடத்துக்கும் ஒரு நிறம். மலையாளம் படிக்கத் தெரியலைன்னாலும் சமாளிக்கலாம்.

எதை முதலில் பார்க்கணும்?

கோயிலை. மதியம் நடை சாத்தினால் மாலையில்தான் திறப்பாங்க. ஆண்கள் வேட்டி கட்டணும், சட்டை கூடாது. பெண்கள் புடவையில் போகலாம். பேன்ட், சுடிதார் என்றால் அதன்மேல் வேட்டி சுற்றிக்கணும். செல்போனுக்கு அனுமதியில்லை.

அடுத்து மியூசியம். 1880-ல் கட்டி முடித்த இதை வடிவமைத்தவர் ராபர்ட் சிஸ்ஹோம். சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸும் இவர் கைவண்ணம்தான்.

பத்மநாபபுரம் எப்போது?

ஊர் திரும்பும்போது. நாகர்கோவில் பஸ்ஸில் ஏறி தக்கலையில் இறங்குங்க. 1956-ல் இந்தப் பகுதி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அரண்மனையை மட்டும் இன்றும் கேரள அரசே பராமரிக்குது. அதனால், தமிழ்நாட்டுக்குள் வந்த பிறகும் அதே திங்கள் விடுமுறைதான்!