தன்விருப்ப நோன்பும் பொது மன்றாட்டும்: யூத மரபின் பெஹாப் நோன்புகள்

ஆய்வுச் சுருக்கம்

யூத சமயத்தில் கட்டாய நோன்புகளோடு, விரும்பியோர் மட்டும் ஏற்கும் நோன்புகளும் உள்ளன. அவற்றுள் ஒன்றான பெஹாப் நோன்பையும் அதனோடு இணைந்த செலிகோத் எனும் மன்னிப்பு மன்றாட்டுகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது. தனிமனித விருப்பம் இந்நோன்பின் தொடக்கமே. அதற்கு வடிவம் தருவது கூட்டு வழிபாடு என்பது இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: பெஹாப், செலிகோத், மிஷ்னா, தால்மூத், நோன்பேற்பு.

முன்னுரை

யோம் கிப்பூர் எனும் பாவப் பரிகார நாள் தோரா விதித்த நோன்பு. ஆவ் மாதத்து ஒன்பதாம் நாள், எருசலேம் ஆலயத்தின் அழிவை நினைந்து சமூகம் முழுவதும் நோற்பது. இவற்றுக்கு அப்பால் ஒருவர் தாமே நோன்பு ஏற்பது புண்ணியமா, மிகையா என்னும் வினா யூத மரபுக்குள்ளேயே எழுந்தது.

தால்மூதின் இரு குரல்கள்

பாபிலோனியத் தால்மூதின் தாஅனித் பகுதி இவ்வினாவை நேரடியாக எதிர்கொள்கிறது. நோன்பிருப்பவன் பாவி எனப்படுவான் என்கிறார் சாமுவேல். தூயவன் எனப்படுவான் என்கிறார் ரபி எலெயாசர். கற்றறிந்தோர் நோன்பிருந்தால் இறைப்பணி குறையும் என ரேஷ் லாக்கிஷ் தடுக்கிறார். உடலை வருத்துவதே அறமாகிவிடுமோ என்ற அச்சம் இவ்விவாதத்தின் அடியில் உள்ளது. மழை பொய்த்த காலத்துப் பொது நோன்பில் மூத்தவர் ஆற்றவேண்டிய உரையையும் மிஷ்னா குறிப்பிடுகிறது. நினிவே மக்களின் சாக்குடையையோ நோன்பையோ அன்று, அவர்களுடைய செயல்களையே இறைவன் கண்டார் என்பது அவ்வுரையின் சாரம்.

பெஹாப்: அமைப்பும் காரணமும்

பெஹாப் என்பது எபிரேய எழுத்துகளின் எண்மதிப்பால் அமைந்த சுருக்கப்பெயர். கிழமையின் இரண்டாம், ஐந்தாம், இரண்டாம் நாள்களை, அதாவது திங்கள், வியாழன், மறு திங்களைக் குறிக்கும். பாஸ்காவுக்குப் பின் இய்யார் மாதத்திலும், கூடாரத் திருவிழாவுக்குப் பின் ஹெஷ்வான் மாதத்திலும் இது நோற்கப்படும். இடைக்காலப் பிரான்சு, செருமனி நாடுகளின் தோசாபோத் உரையாசிரியர்கள் இவ்வழக்கத்தைக் குறிப்பிடுகின்றனர். திருவிழாக் களிப்பில் நேர்ந்திருக்கக்கூடிய வரம்புமீறலுக்குக் கழுவாய் தேடுவதே இதற்குப் பெரிதும் கூறப்படும் காரணம்.

நாள் வரிசையும் பழமையானது. மழை வேண்டிய பொது நோன்புகளுக்கு மிஷ்னா இதே வரிசையை வகுத்துள்ளது. வியாழனன்று நோன்பைத் தொடங்கினால் சந்தையில் விலை ஏறும் என்பதால் அது விலக்கப்பட்டது. வழிபாட்டு ஒழுங்கில் எளியோரின் உணவுச்செலவும் கருதப்பட்டமை இங்குக் கவனிக்கத்தக்கது.

ஏற்பும் விலகலும்

கதிர் மறையுமுன் ஏற்கப்படாத நோன்பு நோன்பாகாது என்பது சாமுவேலின் விதி. எனவே தனிநபர் முந்தைய நாள் பிற்பகல் தொழுகையிலேயே நோன்பை ஏற்கவேண்டும். பெஹாப் நோன்பில் இவ்விதி நெகிழ்கிறது. அதற்கு முந்தைய ஓய்வுநாளில், நோன்பிருக்கப் போவோருக்கான ஆசி தொழுகைக்கூடத்தில் கூறப்படும். நோற்கும் எண்ணத்தோடு அதற்கு 'ஆமென்' என்றால் ஏற்பு நிறைவுறும்; ஆயினும் பின்னர் மனம் மாறினால் விலகிக்கொள்ளவும் இடமுண்டு. கூட்டத்தின் நடுவே உறுதி பிறக்கிறது. ஆயினும் அது தனிமனிதரைத் தளையாகப் பிணிப்பதில்லை.

மன்றாட்டின் கூட்டுத்தன்மை

நோன்பு நாளுக்குரிய 'அனேனு' எனும் வேண்டுதலைத் தனிநபர் வேறோர் ஆசியுரையினுள் இணைத்தே சொல்வார். தொழுகைத் தலைவர் அதனைத் தனி ஆசியுரையாகச் சொல்ல, பத்துப் பேர் நோன்பிருத்தல் வேண்டும். செலிகோத் மன்றாட்டுகளின் மையம் விடுதலைப்பயண நூலின் 34ஆம் அதிகாரத்தில் உள்ள இறைவனின் பதின்மூன்று இரக்கப் பண்புகள். பத்துப் பேர் கூடாத இடத்தில் தனிநபர் அவற்றை வேண்டுதலாகச் சொல்வதில்லை. மறைநூல் வாசிப்பாக மட்டுமே ஓதலாம். பசி தனிமனிதருடையதாக இருக்கலாம். மன்னிப்புக் கோரும் குரல் சமூகத்துடையது.

விருப்பம் ஆணையாதல்

மாறான போக்கும் வரலாற்றில் உண்டு. 1648இல் உக்ரைனில் க்மெல்நித்ஸ்கி கிளர்ச்சியின்போது, சீவான் 20ஆம் நாள் நெமிரிவ் நகர யூதர்கள் படுகொலை செய்யப்பட்டனர். ரபி சப்பதாய் ஹகோஹென் தமக்கும் தம் வழியினருக்கும் அந்நாளை நோன்பாக வகுத்தார். 1650இல் போலந்து யூதரின் தன்னாட்சி அமைப்பான நான்கு நாடுகளின் பேரவை அதனைப் பொது நோன்பாக்கியது. ரபி யோம் தோவ் லிப்மான் ஹெல்லர் அந்நாளுக்கெனப் பழைய செலிகோத் பாடல்களைத் தெரிந்தெடுத்தார். அவை 1171இல் அதே சீவான் 20ஆம் நாளில் பிரான்சின் புளுவா நகரில் எரிக்கப்பட்ட யூதர்களைப் பற்றியவை. இங்கு மன்றாட்டு, கழுவாய் என்னும் நிலையிலிருந்து வரலாற்று நினைவாகவும் விரிந்தது.

முடிவுரை

இன்று பெஹாப் நாள்களில் நோன்பிருப்போர் சிலரே. ஆயினும் அஷ்கெனாசி சமூகங்கள் பலவற்றில் அந்நாள்களுக்குரிய செலிகோத் இன்றும் ஓதப்படுகின்றன. நோன்பு தளர்ந்தபின்னும் மன்றாட்டு நிலைத்துள்ளது. நோன்பின் பயன் ஈகையே என்னும் தால்மூதுக் கருத்தையும் நினிவே பற்றிய மிஷ்னாவின் உரையையும் இணைத்து நோக்கினால், இதனை மரபின் தேய்வு என்று மட்டும் கொள்ள இயலாது. உடல்வருத்தத்தை இம்மரபு ஒருபோதும் இறுதி இலக்காகக் கொள்ளவில்லை என்பதற்கு இது சான்றாகிறது. எனவே தன்விருப்ப நோன்பைத் துறவொழுக்கத்தின் கூறாக மட்டும் வகைப்படுத்தும் ஒப்பாய்வுகள், அதன் சட்ட ஒழுங்கையும் கூட்டு வழிபாட்டையும் உடன் கருதுதல் வேண்டும்.