பேங்க் எக்ஸாமுக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டு

பி.காம், எம்.பி.ஏ. இறுதியாண்டு படிக்கும் நம் பிள்ளைகளிடம் "அடுத்து என்ன?" என்று கேட்டால், பலரும் சொல்வது ஒரே பதில்: "பேங்க் எக்ஸாம் எழுதணும்." வணிகம் படித்தும் கம்பெனிக்குப் போகத் துணிச்சல் இல்லை, அரசு வேலையையே பிடித்துத் தொங்குகிறார்கள் என்று பேராசிரியர்கள் சிலர் குறைபடுவதையும் நாங்கள் கேட்டிருக்கிறோம். இது துணிச்சல் பற்றிய விஷயமே அல்ல. வரலாற்றைப் பார்ப்போம்.

கொலம்பியாவிலும் லண்டனிலும் பொருளாதாரம் பயின்று 1917இல் நாடு திரும்பினார் அண்ணல் அம்பேத்கர். பரோடா அரசில் வேலை இருந்தது. தங்க வீடு கிடைக்கவில்லை. பம்பாய் வந்து பங்கு முதலீட்டு ஆலோசனைத் தொழில் தொடங்கினார். ஆலோசகரின் சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் விலகினர், தொழில் படுத்துவிட்டது. 1918இல் அரசின் சிடன்ஹாம் வணிகவியல் கல்லூரியில் பேராசிரியரானார். தங்களுக்கான தண்ணீர்ப் பாத்திரத்தில் அவர் குடிப்பதைச் சக பேராசிரியர்கள் எதிர்த்தனர். ஆனாலும் அங்கே சம்பளம் வந்தது. அதில் சேமித்த பணமும் சேர்ந்துதான் 1920இல் அவரை மீண்டும் லண்டனுக்கு அனுப்பியது. சந்தை அவரது பட்டத்தைப் பார்க்கவில்லை, சாதியைப் பார்த்தது.

1969 ஜூலை 19 அன்று 14 தனியார் வங்கிகள் நாட்டுடைமையாயின. பிறகு அவற்றின் வேலைகளில் பட்டியல் சாதியினருக்கு இடஒதுக்கீடும் வந்தது. கணக்கு எழுதும் மேசைக்கு நம் வீட்டுப் பிள்ளைகள் வந்து சேர்ந்த வழி இதுதான். 1991க்குப் பிறகு வேலைகள் தனியார் பக்கம் பெருகின. இடஒதுக்கீடு அங்கே கூடவே போகவில்லை.

டெல்லியின் மூன்று பல்கலைக்கழக மாணவர்களிடம் அஸ்வினி தேஷ்பாண்டேவும் கேத்தரின் நியூமனும் நடத்திய ஆய்வு 2007இல் வெளிவந்தது. இடஒதுக்கீட்டில் படித்த மாணவர்கள் அரசு வேலையை அதிகம் நாடினர்; எதிர்பார்த்த சம்பளமும் குறைவு. நேர்காணலில் குடும்பப் பின்னணி பற்றிய கேள்விகள் அவர்களைத் துரத்தின. அதே ஆண்டு வெளிவந்த ஆய்வுக்காக சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றித் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தனர். தலித் பெயர்களுக்கு அழைப்பு குறைவாகவே வந்தது. 2012இல் வெளியான மற்றோர் ஆய்வின்படி, 1000 நிறுவனங்களின் இயக்குநர்களில் சுமார் 93 விழுக்காட்டினர் உயர்சாதியினர்; பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் சேர்ந்தே 3.5 விழுக்காடுதான்.

இப்போது சொல்லுங்கள், பேங்க் எக்ஸாம் எழுதும் பிள்ளை கோழையா? விடைத்தாள் "அப்பா என்ன வேலை செய்கிறார்?" என்று கேட்பதில்லை, கேம்பஸ் இன்டர்வியூ கேட்கிறது. தன் பட்டத்துக்கு எந்த வாசலில் மதிப்பு உண்டு என்பதை அந்தப் பிள்ளை சரியாகவே கணக்குப் போட்டிருக்கிறது.

ஆனால் அந்த ஒரு வாசலும் சுருங்கிக்கொண்டே வருகிறது. வங்கிகளைத் தனியார்மயமாக்கும் பேச்சு எழும்போதெல்லாம் நாம் பதற வேண்டிய காரணம் இதுவே. ஆகவே, பிள்ளைகளுக்கு "தன்னம்பிக்கை வகுப்பு" எடுத்தது போதும். தனியார் துறையில் இடஒதுக்கீடு கேட்போம். பயிற்சி தேவைப்படுவது நேர்காணல் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான்.