நாலு சிக்னல் கோட்டுக்குப் பின்னால என்ன இருக்கு? பொள்ளாச்சியில் தொடங்கி மூச்சில் முடியும் ஒரு வயர்லெஸ் வரலாறு

கிளியனூர்ல இருந்து மரக்காணம் உப்பளம் பக்கம் போனவங்களுக்கு இது பழக்கமா இருக்கும். பாத்தி வரப்புல நின்னு போன் பேசுறீங்க, குரல் விட்டு விட்டு வருது. ரெண்டு அடி தள்ளி நின்னா தெளிவா கேக்குது. டவர் அங்கேயேதான் இருக்கு, நகர்ந்தது நீங்க மட்டும்தான்.

என்ன நடக்குதுன்னா, டவர்ல இருந்து ஒரு அலை நேரா உங்க போனுக்கு வருது. அதே அலை பாத்தியில தேங்கி நிக்கிற உப்புநீர்ல பட்டு எதிரொளிச்சும் வருது. உப்புநீர் ரேடியோ அலைக்குக் கிட்டத்தட்ட கண்ணாடி மாதிரி. ரெண்டு அலையும் சேர்ற இடத்துல ஒண்ணை ஒண்ணு தூக்கிவிடும், இல்ல அழிச்சிடும்.

ஆனா போன் உங்களுக்குக் காட்டுறது நாலு கோடு மட்டும்தான். உள்ளே இருக்கிற முழு விவரத்தையும் ஒரு சின்னக் கட்டளையில் பார்க்க வச்சாங்க சிலர். அந்தக் கதைதான் இன்னிக்கு. "டாக்டர், உங்களுக்கு ஏன் இந்த வேலை?"னு கேப்பீங்க. கடைசியில மூச்சு வருது, பொறுமையா வாங்க.

1971 டிசம்பர் 9. இந்தியா-பாகிஸ்தான் போர் நடந்துட்டு இருக்கு. அரபிக்கடலில் ஐஎன்எஸ் குக்ரி என்ற நம்ம கப்பலை பாகிஸ்தான் நீர்மூழ்கி ஹாங்கோர் டார்பிடோவால் தாக்கி மூழ்கடித்தது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் இறந்து போனாங்க. போருக்குப் பிறகு, கப்பல்களில் இருந்த பழைய சோனாரை மேம்படுத்துற வேலையை கடற்படை ஒரு இளம் அதிகாரிகிட்ட கொடுத்தது. அவர் பெயர் ஆரோக்கியசாமி பால்ராஜ். 1944-ல் பொள்ளாச்சியில் பிறந்தவர். 15 வயசுல தேசிய பாதுகாப்பு அகாடமியில் சேர்ந்து, அப்புறம் டெல்லி ஐஐடியில் முனைவர் பட்டம் வாங்கினவர்.

சோனார்னா கடலுக்குள்ள ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கிறது. சொல்றதுக்கு ஈசி. கடல் மேற்பரப்பு, கடல் தரை, நீரோட்டம், எல்லாத்துலயும் பட்டு ஒரே சத்தம் பத்து வழியில் திரும்பி வரும். அதுல எது நீர்மூழ்கி, எது வெறும் எதிரொலி? இந்தச் சிக்கலோடவே வருஷக்கணக்கா மல்லுக்கட்டினவர் அவர். அவர் தலைமையில் உருவான 'ஆப்சோ' சோனார் 1983-ல் கடற்படைக்கு வந்தது.

1991-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குப் போறார், தாமஸ் கைலாத்தோட குழுவுக்கு. அடுத்த வருஷமே ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பிக்கிறாங்க. 1994-ல் அது கிடைச்சது. அதோட சாரம் இதுதான்: எதிரொலி தொந்தரவு இல்லை, அதுவே உதவி. ஒரே அலைவரிசையில் ரெண்டு ஆன்டெனா வேற வேற தகவலை அனுப்பட்டும். சுவர்லயும் மரத்துலயும் பட்டுத் தெறிச்சு வர்றதால, வாங்குற பக்கம் ஒவ்வொரு ஆன்டெனாவுக்கும் வேற வேற கலவை கிடைக்கும். ரெண்டு கலவை இருந்தா பிரிச்சிடலாம். பள்ளிக்கூடக் கணக்குதான்: ரெண்டு சமன்பாடு, ரெண்டு தெரியாத எண்.

இதைத்தான் இப்ப மைமோன்னு சொல்றாங்க. ஆரம்பத்துல நம்பினவங்க குறைவு. 1998-ல் பால்ராஜ் தொடங்கின ஐயோஸ்பான் நிறுவனத்தை 2003-ல் இன்டெல் வாங்குச்சு. 2009-ல் வந்த 802.11என் வைஃபை தரத்துல மைமோ இடம்பிடிச்சது. 2010-ல் அவருக்கு பத்ம பூஷண், 2014-ல் மார்கோனி பரிசு. உங்க வீட்டு ரவுட்டர்ல ரெண்டு மூணு கொம்பு நிக்குதே, அது இந்த பொள்ளாச்சிக்காரரோட யோசனை.

இங்கதான் நம்ம கதைக்குத் தேவையான விஷயம் வருது. சமன்பாட்டைத் தீர்க்கணும்னா கலவை எந்த விகிதம்னு தெரியணும். அதனால வைஃபை அனுப்புற ஒவ்வொரு பொட்டலத் தகவலுக்கும் முன்னாடி, ரெண்டு பக்கமும் ஏற்கெனவே அறிஞ்ச ஒரு மாதிரி வடிவம் போகும். அது எப்படிச் சிதைஞ்சு வருதுன்னு பார்த்து, நடுவுல இருக்கிற வழியோட நிலையை சிப் கணக்குப் போடும். இதுக்குப் பேர் சேனல் நிலைத் தகவல், சுருக்கமா சிஎஸ்ஐ. கணக்குப் போட்டு, பயன்படுத்தி, அடுத்த நொடியே தூக்கிப் போட்டுடும். வெளிய யாருக்கும் காட்டாது.

2011 ஜனவரியில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல டேனியல் ஹால்பெரினும் அவர் கூட்டாளிகளும் அந்தக் கதவைத் திறந்தாங்க. கடையில் கிடைக்கிற இன்டெல் 5300 வைஃபை அட்டையோட உள் மென்பொருளை மாத்தி, லினக்ஸ்ல ஒரு சின்ன நிரலையும் இலவசமா வெளியிட்டாங்க. ஜன்னல் இல்லை, பட்டன் இல்லை. கருப்புத் திரையில 'லாக் டு ஃபைல்'னு அடிச்சு கோப்புப் பேர் கொடுத்தா போதும், எண்கள் வந்து கொட்டும். மூணு ஆன்டெனாவுக்கு மூணு ஆன்டெனா, ஒவ்வொரு ஜோடிக்கும் 30 அலைவரிசைத் துண்டு. ஆக ஒரு பொட்டலத்துக்கு 270 அளவுகள், ஒவ்வொண்ணுலயும் பலமும் கட்டமும். நாலு கோடு எங்கே, 270 எங்கே!

அவங்க நோக்கம் வைஃபை வேகத்தைச் சரியா கணிக்கிறது மட்டும்தான். மூச்சைப் பத்தி அவங்க நினைக்கவே இல்லை.

ஒரு மருத்துவரா எனக்கு இது பழகின கதை. ஈசிஜி எடுக்கும்போது நீங்க மூச்சு இழுத்து விட்டா கோடு மெதுவா மேலும் கீழும் ஆடும். மெஷின் ஃபில்டர் போட்டு நேராக்கிடும். அந்த ஆட்டத்துல இருந்தே மூச்சு எண்ணிக்கையை எடுக்கலாம்னு தெரிஞ்சும் நாம அழிக்கிறோம்.

விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டரும் இப்படித்தான் பிறந்தது. ஜப்பான்ல நிஹோன் கோடென் நிறுவனத்துல தகுவோ அயோயாகி, இதயம் எவ்வளவு ரத்தம் தள்ளுதுன்னு காது வழியா அளக்கப் பார்த்தார். நாடித்துடிப்பு குறுக்கே வந்து வரைபடத்தைக் கெடுத்துட்டே இருந்தது. அதை அழிக்கப் போராடினப்போதான், ஆக்சிஜன் அளவு மாறினா அந்தத் துடிப்பும் மாறுதுன்னு கண்டார். அது 1974-ல் வெளிவந்தது. கொரோனா காலத்துல எத்தனை வீட்டுல அந்தக் கிளிப் இருந்ததுன்னு உங்களுக்கே தெரியும்.

சிஎஸ்ஐ விஷயத்திலும் அதே. 5 கிகாஹெர்ட்ஸ் அலையோட நீளம் சுமார் 6 சென்டிமீட்டர். மூச்சு விடும்போது நெஞ்சு சில மில்லிமீட்டர் எழுந்து தாழும். அந்த எண்கள்ல அது தெரிய இவ்வளவு போதும். 2015-ல் அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் கல்வி நிறுவனத்துக் குழு, சாதாரண வைஃபையை வச்சே தூங்குறவங்க மூச்சையும் இதயத்துடிப்பையும் அளந்து காட்டுச்சு. அப்புறம் ராஸ்பெரி பை, சில நூறு ரூபாய் இஎஸ்பி32 சிப் எல்லாத்துக்கும் இந்த மாதிரி கருவிகள் வந்துடுச்சு.

இது எனக்கு ஏன் முக்கியம்? பயிற்சி மருத்துவரா இருந்தப்போ ஒரு வார்டு ரவுண்ட்ஸ். சார்ட்ல எல்லாருக்கும் மூச்சு எண்ணிக்கை 18. நானும் பார்த்துட்டு நகர்ந்துட்டேன். சாயங்காலம் ஒரு பாட்டி திணறும்போது எண்ணினேன், 34. அன்னிக்கு ராத்திரியே வென்டிலேட்டர். காலையிலேயே 1 நிமிஷம் நின்னு எண்ணியிருக்கணும். பெரியவங்களுக்கு 12-லிருந்து 20 வரை இருக்க வேண்டிய அந்த எண்ணைத்தான் நாம ரொம்ப அலட்சியமா எழுதுறோம்.

அதனாலதான் நானும் ரெண்டு இஎஸ்பி32 வாங்கி, கிளியனூர் வீட்டுல அம்மா படுத்திருந்த கட்டிலுக்கு ரெண்டு பக்கமும் வச்சேன். முதல்ல திரையில ஒரே குழப்பம். எண்கள் தாறுமாறா ஓடுது. சீலிங் ஃபேன்! அதை நிறுத்தினதும் மெல்ல ஒரு அலை வந்தது. எழுந்து, தாழ்ந்து, எழுந்து. கைக்கடிகாரத்தோட ஒப்பிட்டேன், 1 நிமிஷத்துக்கு 16. அடுத்த நிமிஷம் பக்கத்து வீட்டு அக்கா உள்ள வந்தாங்க, அலை மொத்தமா கலைஞ்சு போச்சு.

ஆக, மே மாசம் ஃபேனை நிறுத்தச் சொல்ற கருவி நம்ம வார்டுக்கு ஆகாது. ஆனா ஃபேனால கெடுதுன்னு எனக்குத் தெரிஞ்சது கச்சா எண்களைப் பார்த்ததாலதான். நாளைக்கு ஒரு நிறுவனம் அழகான பெட்டியில "மூச்சு: 18"னு மட்டும் காட்டினா, அது மூச்சா, ஃபேனான்னு நர்ஸுக்கு எப்படித் தெரியும்?

இன்னொண்ணும் இருக்கு. வைஃபை அலை சுவரைத் தாண்டும். உங்க வீட்டுக்குள்ள யார் இருக்காங்க, தூங்குறாங்களான்னு பக்கத்து அறையில இருந்தே ஓரளவு ஊகிக்க முடியும். 2025-ல் வைஃபை மூலம் உணர்றதுக்குன்னே 802.11பிஎஃப்னு ஒரு தரத்துக்கு ஒப்புதல் ஆயிடுச்சு. ஆராய்ச்சி மாணவன் கருப்புத் திரையில பார்த்த எண்களை இனி ரவுட்டரே பார்க்கும். கேமரா வச்சா உங்ககிட்ட அனுமதி கேட்கணும்னு எல்லாருக்கும் தெரியும். இதுக்கு யார் கேக்கப் போறாங்க?

சோதனை முடிஞ்சதும் அம்மா கேட்டது இதுதான்: "என் மூச்சை எண்ண எதுக்குடா இவ்ளோ ஒயரு? பக்கத்துல உக்காந்து பாத்தா தெரியாதா?"

தெரியும்மா. ஆனா எண்ணுறாங்கன்னு தெரிஞ்சா மனுஷன் மூச்சை மாத்திடுவான். அதனால நாங்க நாடி பிடிக்கிற மாதிரி கையைப் பிடிச்சுக்கிட்டு நெஞ்சைப் பார்த்து எண்ணுவோம். அடுத்த முறை டாக்டர் உங்க மணிக்கட்டை ரொம்ப நேரம் பிடிச்சிருந்தா கண்டுக்காதீங்க.