அலுமாரிக்குள் இருக்கும் காசு

1983 என்றால் எங்களுக்குக் கறுப்பு யூலை. அதே ஆண்டு செப்டம்பரில் டென்மார்க்கின் வங்கிகள் 'டான்கோர்ட்' என்ற பொது அட்டையை அறிமுகப்படுத்தின. நான் வாழும் கிரின்ஸ்டெட் போன்ற யூலன்ட் ஊர்களுக்கு எங்கள் அகதிகள் வரத் தொடங்கியபோது, இந்த நாடு காசைக் கைவிடத் தொடங்கியிருந்தது.

2021இல் இங்கே கடைகளில் நடந்த கொடுப்பனவுகளில் நூற்றுக்கு 12 மட்டுமே காசாக நடந்தன. தெற்கே ஜேர்மனியில் 2023இலும் பாதிக்குச் சற்று மேல் காசுதான். இரண்டும் செல்வந்த நாடுகள், இரண்டிலும் இயந்திரங்கள் உண்டு. வேறுபாட்டை வரலாற்றில் தேட வேண்டும். நாஜி ஆட்சியும் கிழக்கு ஜேர்மனியின் உளவுத்துறையும் விட்டுச்சென்ற அச்சம், தன் செலவை எவரும் பார்க்கக்கூடாது என்ற எச்சரிக்கையாக அங்கே தங்கிவிட்டது என்பார்கள். டென்மார்க்கிலோ 1968இலிருந்தே ஒவ்வொருவருக்கும் ஓர் ஆள் இலக்கம் உண்டு. பதிவேட்டுக்குப் பழகிய மக்களுக்கு 2013இல் வந்த 'மொபைல்பே' அந்நியமாக இருக்கவில்லை.

எங்கள் வரலாறு வேறு. 1990இலிருந்து யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இருக்கவில்லை. 1995 இடப்பெயர்வில் கையிலிருந்த காசும் கழுத்திலிருந்த பவுணும்தான் கைகொடுத்தன. பதிவேடு என்றால் தேடுதலும் கைதும் என்றே அறிந்திருந்தோம். ஆகவே இங்கு வந்தும் சீட்டுப் பிடித்தோம், உண்டியலில் ஊருக்குப் பணம் அனுப்பினோம். நிறுவனத்தை நம்பாதவர்கள் தெரிந்த மனிதரை நம்பினோம்.

டெனிஷ் பதிவேடும் எங்களுக்கு எப்போதும் நல்லதாக இருக்கவில்லை. 1987இல் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹன்சன் தமிழ் அகதிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாகக் கிடப்பில் போடச் செய்தார். ஆனால் அது விசாரிக்கப்பட்டது. 1993 சனவரியில் பிரதமர் போல் ஷ்லூட்டர் பதவி விலகினார். 1995இல் நின்-ஹன்சனுக்கு நான்கு மாத ஒத்திவைத்த சிறைத்தண்டனை கிடைத்தது. தவறு செய்த அமைச்சரையே பொறுப்புக் கூறவைக்கும் நாட்டில்தான் மக்கள் தங்கள் கணக்கை அரசின் கண்ணுக்குத் தெரிய விடுகிறார்கள் என்று நான் நினைக்கிறேன். காசின் தேவை குறைவதற்கு அட்டை மட்டும் போதாது.

2025 மே 31உடன் 1000 குறோனர் தாள் செல்லாக்காசானது. அலுமாரியில் தாள் சேர்த்த முதியவர்களைப் பிள்ளைகள் கேலி செய்ய வேண்டாம். 2024இல் டெனிஷ் அரசே நெருக்கடிக்கு மூன்று நாள் ஆயத்தமாக இருக்கும்படி அறிவித்தபோது, வீட்டில் கொஞ்சம் காசும் வைத்திருக்கச் சொன்னது. எங்கள் அம்மம்மாக்களுக்கு அதை எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.