உறங்குபவர் அறியாத ஓசை

உறக்கத்தில் பல்லோடு பல் உரசி எழும் ஓசையைத் தமிழ்நாட்டில் 'பல் கடித்தல்' என்பர். இலங்கைத் தமிழில் அதற்குப் 'பல் நெருமுதல்' என்ற சொல் உண்டு. சொல்லிலேயே ஓசையும் கேட்கிறது. ஆனால் அந்த ஓசையை எழுப்புபவர் அதைக் கேட்பதில்லை. பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் அது கேட்கும். இந்நோய் பற்றிய ஆய்வின் வரலாறு, ஒரு வகையில், சாட்சியைத் தேடிய வரலாறே எனலாம்.

கிழக்கே கடலும் மேற்கே வயலும் நெருக்க, இடைப்பட்ட சிறு நிலத்தில் வீடுகள் செறிந்து நிற்கும் ஊர் சாய்ந்தமருது. கல்முனைக் கரையோரத்தின் இத்தகைய ஊர்களில் இரவின் ஓசைகள் அடுத்த அறைக்கு எட்டாமல் போவது அரிது. பிள்ளை பல் நெருமினால் வயிற்றில் பூச்சி என்பதே உம்மாமார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் காரணம். இக்கரையில் மட்டுமன்று, தமிழ்நாட்டிலும் இதே பேச்சுத்தான். உலகின் வேறு பல நாடுகளிலும் இந்நம்பிக்கை உண்டு. குடற்புழுவுக்கும் பல் நெருமுதலுக்கும் தொடர்பு தேடிய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணான முடிவுகளையே தந்தன. பூச்சி மருந்து பூச்சிக்கு நல்லது. அதற்கப்பால் அதனிடம் எதிர்பார்க்க இயலாது.

பாமரர் பூச்சியைப் பழித்தார்கள் என்றால், படித்தவர்கள் பழித்தது வேறொன்றை. 1901இல் வியன்னாவின் பல் வைத்தியர் கரோலி, இரவில் பற்களை இறுக்குவோருக்கு ஈறு நோய் வருவதாக எழுதினார். 1907இல் மாரி, பியெத்கீவிச் என்னும் பிரெஞ்சு மருத்துவர் இருவர் 'புருக்சோமேனியா' என்ற பெயரைச் சூட்டினர். 1931இல் ஃப்ரோமன் அதைப் 'புருக்சிசம்' ஆக்கினார். இரண்டுமே பல் நறநறத்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தவை. பெயர் கிடைத்துவிட்டது. காரணம் கிடைக்கவில்லை.

1961இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ராம்ஃப்யோர்ட், தாடைத் தசைகளின் மின்னோட்டத்தைப் பதிவு செய்து ஒரு முடிவுக்கு வந்தார். மேற்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாகப் பொருந்தாமல் இடறுவதே மூலகாரணம். இடறும் இடத்தைச் சமன்செய்தால் நெருமுதல் அடங்கும் என்றார். தூங்குவோரின் முழு இரவைப் பதிவு செய்த ஆய்வன்று அது. ஆயினும் பல் வைத்திய உலகம் அதைப் பற்றிக்கொண்டது. எத்தனையோ பேருடைய நல்ல பற்கள் அராவப்பட்டன. பல்லின் மேற்பூச்சான எனாமல் மீண்டும் வளர்வதில்லை என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். பூச்சி மருந்து கொடுத்த உம்மா இவ்வளவு கேடு செய்யவில்லை!

தூக்கத்தைப் பதிவு செய்யும் கலை இதற்கு முன்பே வளரத் தொடங்கியிருந்தது. 1953இல் சிக்காகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும், தூக்கத்தில் கண்கள் விரைந்து அசையும் கட்டத்தைக் கண்டறிந்து வெளியிட்டனர். அதே நகரத்தில், ரெக்ட்ஷாஃபென் இடம்பெற்ற குழு ஒன்று 1964இல் பல் நெருமுதலுக்கும் கனவுக்கும் உள்ள உறவை ஆராய்ந்து எழுதியது. கனவில் வரும் கோபமே பல்லைக் கடிக்க வைக்கிறது என்று எண்ணுவது எளிது. பின்வந்த பதிவுகளோ, பெரும்பாலான நெருமுதல் கனவு மிகுந்த கட்டத்திலன்றி, மெல்லிய தூக்கத்தில் நிகழ்வதைக் காட்டின.

ராம்ஃப்யோர்டின் கொள்கைக்கு நேரடிச் சோதனை 1984இல்தான் வந்தது. அமெரிக்காவில் ரக் என்பவரும் உடனிருந்தோரும், வேண்டுமென்றே இடறும்படி செய்த பல்லுறையைச் சிலருக்குப் பொருத்தி, இரவில் தாடைத் தசையை அளந்தனர். கொள்கை சரியென்றால் நெருமுதல் கூடியிருக்க வேண்டும். பெரும்பாலோருக்கு அது குறைந்தது.

மொன்றியலில் லவீன் குழுவினர் 1996இல் அளவுகோல் ஒன்றை வகுத்தனர். தூங்குபவரின் மூளை, கண், இதயம், தாடை ஆகியவற்றின் அசைவுகள் ஒருங்கே பதிவாகும். ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் உடன் ஓடும். விழுங்குவதையும் இருமுவதையும் பிரித்தறிய இவை இல்லாமல் முடியாது. இப்பதிவுகள் சொன்ன கதை வியப்பானது. முதலில் இதயத்தை விரைவுபடுத்தும் நரம்புகள் கிளர்கின்றன. பின்பு மூளை சில நொடிகள் விழிப்பை நோக்கி எழுகிறது, இதயத் துடிப்பு கூடுகிறது, அதன் பிறகே தாடை அசைகிறது. பல் இந்த வரிசையின் கடைசியில் நிற்கிறது. நெருமாதவர்களிலும் சுமார் 60 விழுக்காட்டினருக்குத் தூக்கத்தில் தாடைத் தசை அவ்வப்போது தாளமிடுவதும் தெரியவந்தது.

2004 டிசம்பர் 26 இக்கரையை அழித்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சாய்ந்தமருதும் மருதமுனையும் தம் கடலோரக் குடியிருப்புகளை இழந்தன. அதன் பின் நெடுநாள் கூடாரங்களில் நெருங்கிப் படுத்தவர்களிடையே பல் நெருமும் ஓசை மிகுந்திருக்கும் என்று எழுதிவிட எந்தப் பத்திரிகையாளனுக்கும் கை துறுதுறுக்கும். வினாத்தாள் வழி ஆய்வுகள் மன அழுத்தத்தையும் இதையும் இணைக்கவே செய்கின்றன. ஆனால் தூக்க ஆய்வுகூடப் பதிவுகளில் அந்த இணைப்பு அவ்வளவு தெளிவாக இல்லை. துயரத்திற்கு எல்லாவற்றையும் விளக்கும் ஆற்றல் இருப்பதுபோல் தோன்றும். அங்கேதான் எச்சரிக்கை வேண்டும்.

தேய்ந்த பல்லும் நம்பகமான சாட்சியன்று. ஆண்டுக்கணக்கில் வெற்றிலை பாக்கு மென்றவர்களின் பற்கள் பகலிலேயே தேய்ந்துவிடும். தேய்மானம் நேற்றையதா, இருபது ஆண்டுக்கு முந்தியதா என்பதையும் பல் சொல்லாது.

லொப்பெசோ தலைமையிலான பன்னாட்டு அறிஞர் குழு 2013இலும் 2018இலும் சாட்சியங்களைத் தரம் பிரித்தது. சொல்லக் கேட்டது 'இருக்கக்கூடும்'. வாயைச் சோதித்துக் கண்டது 'இருக்க வாய்ப்பு மிகுதி'. கருவி பதிவு செய்ததே 'உறுதி'. வேறு நோயற்றவரிடம் இது நோயே அன்று, தசையின் ஒரு செயற்பாடு என்றும் 2018இல் கூறினர். கருவிகள் நிறைந்த தூக்க ஆய்வுகூடம் கைக்கெட்டாத ஊர்களில் அநேகர் முதற்படியிலேயே நிற்பர்.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது வயதுடன் குறைந்துவிடும். பெரியவர்களுக்குத் தரப்படும் பற்காப்பு உறை தேய்மானத்தைத் தடுக்குமேயன்றி நெருமுதலை நிறுத்தாது. பல்லை அராவி விடுகிறேன் என்று யாரேனும் சொன்னால், ஏன் என்று கேட்பது நோயாளியின் உரிமை. பக்கத்தில் படுப்பவர் வைத்தியரிடம் சொல்ல வேண்டியது பல்லோசையை மட்டுமன்று. குறட்டை உண்டா, இடையில் மூச்சு நின்று திணறி மீள்கிறதா என்பதையும் சொல்ல வேண்டும். மூச்சுத்தடை பல்லைவிட இதயத்திற்கே ஆபத்து. அதையும் உறங்குபவர் அறிவதில்லை.