ரோ நதிக்கரையிலிருந்து காஞ்சி வரை – 'மன்றோ' என்ற பெயர் வந்த வழி

விண்ணப்பப் படிவத்தில் 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம் இருக்கும். தமிழர்கள் பலர் அந்த இடத்துக்கு வந்ததும் கொஞ்சம் திகைத்து நிற்பார்கள். நமக்குத்தான் அப்படி ஒன்று கிடையாதே! கடைசியில் அப்பா பெயரை எழுதிவிட்டு வருவோம். அடுத்த தலைமுறையில் அதே கட்டத்தில் நம்ம பெயர் போய் உட்காரும். தாத்தா பெயர் காணாமல் போய்விடும்.

வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் எழுநூறு வருஷமாக ஒரே பெயர் எப்படித் தொடர்கிறது? இந்தக் கேள்விக்கு விடை தேடும்போது, நம் செம்பரம்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்துக்கு ரொம்ப சம்பந்தப்பட்ட ஒரு ஸ்காட்லாந்துப் பெயர் கிடைத்தது. அதுதான் 'மன்றோ'. மலருக்கு ஏற்ற விஷயம் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

பெயரின் பிறப்பு

ஸ்காட்லாந்தின் வடக்கே ராஸ்ஷயர் என்ற பகுதி. அங்கே குரோமார்ட்டி கடற்கழியின் ஓரத்தில் ஃபவுலிஸ் கோட்டை இருக்கிறது. மன்றோ குலத்தாரின் தலைமை வீடு அது. 14ஆம் நூற்றாண்டு ஆவணங்களிலேயே அவர்கள் பெயர் வந்துவிடுகிறது.

ஆனால் குலத்தார் வழிவழியாகச் சொல்லும் கதைப்படி அவர்கள் அந்த மண்ணுக்கும் வந்தேறிகள்தான். அயர்லாந்தின் வடக்கே ஓடும் ரோ என்ற ஆற்றங்கரையிலிருந்து முன்னோர் கடல் கடந்து வந்தார்களாம். கேலிக் மொழியில் அவர்களை 'ரோத்தாக்' என்பார்கள். 'ரோ ஆற்றுக்காரர்' என்று பொருள். ஆக, இது ஓர் ஊர்ப் பெயர்தான்.

நமக்கு இது புதுசா என்ன? சி. என். அண்ணாதுரை என்பதில் 'சி' காஞ்சிபுரம், 'என்' நடராஜன். ஈ. வெ. ரா.வில் 'ஈ' ஈரோடு. அவர்கள் ஊரைப் பெயருக்குப் பின்னால் வைத்துப் பிள்ளைகளுக்கும் கொடுத்துக்கொண்டே போனார்கள். நாம் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்தாகச் சுருக்கி, ஒரு தலைமுறையோடு நிறுத்திக்கொண்டோம். வித்தியாசம் அவ்வளவுதான்.

பெயர் கப்பலேறியது

குளிர் நாடு, குறைந்த விளைநிலம். மூத்த மகனுக்குத்தான் சொத்து. இளையவர்கள் வெளியே போய்த்தான் பிழைக்க வேண்டும். 17ஆம் நூற்றாண்டில் மன்றோக்கள் பலர் ஸ்வீடன் அரசர் படையில் கூலிக்குப் போரிட ஜெர்மனி போனார்கள். அதே நூற்றாண்டின் நடுவில் ஆண்ட்ரூ மன்றோ என்பவர் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் குடியேறினார். அவர் வழியில் வந்த ஜேம்ஸ் மன்றோ 1817 முதல் 1825 வரை அமெரிக்க ஜனாதிபதி. ஆப்பிரிக்காவில் லைபீரியா நாட்டின் தலைநகர் மன்ரோவியாவுக்கு அவர் பெயர்தான்.

இன்னொரு கிளை கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலில் ஏறி இந்தியா வந்தது.

காஞ்சியில் இரண்டு மன்றோக்கள்

1780 செப்டம்பர். ஹைதர் அலியின் படை ஆற்காட்டுச் சீமைக்குள் புகுந்துவிட்டது. கம்பெனிப் படைத் தலைவர் சர் ஹெக்டர் மன்றோ காஞ்சிபுரத்தில் முகாமிட்டிருந்தார். 1764இல் பக்சார் போரில் வென்றவர். அதே ஆண்டு தன் படையில் கலகம் செய்த இந்தியச் சிப்பாய்கள் இருபத்து நான்கு பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டவரும் அவரே.

வடக்கிலிருந்து அவரோடு சேர வந்துகொண்டிருந்தது கர்னல் பெய்லியின் படை. பெய்லியும் ஸ்காட்லாந்துக்காரர்தான். செப்டம்பர் 10ஆம் தேதி புள்ளலூர் அருகே ஹைதரும் திப்புவும் அந்தப் படையை வளைத்து அழித்தார்கள். சில மணி நேர நடைத் தூரத்தில் இருந்த மன்றோ போய்ச் சேரவில்லை. கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாகப் பரங்கிமலைக்குப் பின்வாங்கினார்.

அந்தப் படையில் 19 வயது கேடட் ஒருவரும் இருந்தார். பெயர் தாமஸ் மன்றோ. கிளாஸ்கோ வியாபாரியின் மகன். அப்பாவுக்கு வர்ஜீனியாவோடு வியாபாரம். அமெரிக்க சுதந்திரப் போரில் அது நொடித்துப் போகவே, மகன் பிழைப்புத் தேடி 1780 ஜனவரியில் சென்னையில் இறங்கினார். அமெரிக்காவில் நடந்த சண்டை ஒரு ஸ்காட்லாந்துப் பையனைக் காஞ்சிபுரத்துக்குக் கொண்டுவந்து விட்டது!

ஹெக்டர் 1781இல் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தார். ஊர் திரும்பியதும், சொந்த மண்ணில் ஃபைரிஷ் குன்றின் உச்சியில் நாகப்பட்டினக் கோட்டை வாசலின் சாயலில் ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினார். இன்றும் அது நிற்கிறது. இங்கே வந்தது பெயர். திரும்பிப் போனது நம்ம ஊர் வாசல்.

பட்டா கொடுத்த மன்றோ

தாமஸ் மன்றோ 1792 முதல் பாரமகாலில், அதாவது இன்றைய சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம், கேப்டன் ரீடின் உதவியாளராக நிலவரி வேலை பார்த்தார். ஜமீன்தார் நடுவில் இல்லாமல், உழுபவரோடு அரசு நேரடியாகக் கணக்கு வைத்துக்கொள்ளும் ரயத்துவாரி முறை அங்கே உருவானது. 1820இல் அவர் சென்னை கவர்னர் ஆனதும் அது மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் பரவியது. நிலத்தை அளந்து, எண் போட்டு, வரி கட்டுபவர் பெயரை எழுதும் வழக்கம் வேர்விட்டது. பட்டா, சிட்டா, அடங்கல் என்று இன்றைக்கு நாம் அலைவதற்கெல்லாம் அடித்தளம் அதுதான்.

1827 ஜூலை 6ஆம் தேதி, சுற்றுப்பயணத்தின்போது பத்திகொண்டாவில் காலராவில் இறந்தார். ராயலசீமையில் பிள்ளைகளுக்கு 'முன்ரோலப்பா' என்று பெயர் வைத்தார்கள். ஆற்றின் பெயர் குலப்பெயராகி, அந்தக் குலப்பெயர் தெலுங்கு விவசாயி வீட்டுப் பிள்ளையின் பெயராகிவிட்டது. சென்னைத் தீவுத்திடலில் அங்கவடி இல்லாத குதிரைமேல் உட்கார்ந்திருப்பவர் இந்தத் தாமஸ்தான். கொல்லத்துக்குப் பக்கத்தில் உள்ள மன்றோ துருத்து, திருவிதாங்கூர் திவானாக இருந்த கர்னல் ஜான் மன்றோவின் பெயரைத் தாங்கியது. இவர் வேறு ஆள்.

எழுதப்படாத பெயர்கள்

பெருமையை மட்டும் சொல்லிவிட்டு முடித்தால் அது நியாயமாகாது. பட்டாவில் பெயர் ஏறியது நிலம் உள்ளவர்களுக்குத்தான். தலைமுறை தலைமுறையாக அந்த வயலில் நாற்று நட்டவர், ஏரி மதகில் இறங்கி வேலை செய்தவர் பெயர் ஏறவில்லை. 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர், தாழ்த்தப்பட்ட மக்களின் நிலையை அறிக்கையாக அரசுக்கு அனுப்பினார். அதன் பிறகே அவர்களுக்கென்று நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான்.

நமக்குக் குடும்பப் பெயர் இல்லாததற்கும் ஒரு நல்ல காரணம் உண்டு. 1929 பிப்ரவரியில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானித்தார்கள். நடந்த இடம் அதே செங்கல்பட்டு. ஹெக்டர் மன்றோ பின்வாங்கிய ஊரில் நம்மவர்கள் ஓர் அடி முன்னே வைத்தார்கள். அந்தக் கட்டம் காலியாக இருப்பதற்கு நாம் வெட்கப்பட வேண்டியதில்லை.

ஆனால் சாதியை விட்டதோடு முன்னோரையும் விட்டுவிட வேண்டுமா? 1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலை வந்ததிலிருந்து நம் வட்டாரத்தில் எத்தனையோ வயல்கள் சிப்காட் மனைகளாகிவிட்டன. சர்வே நம்பர் இருக்கிறது. பட்டாவில் பெயர் மாறிவிட்டது. 'ஏரிக்கரை மேட்டுக் கழனி' என்ற பேச்சு வழக்கும் அதோடு போகிறது. இங்கே ஷிப்டுக்கு வருகிற ஒடிசா, பீகார் தொழிலாளிகளும் 18ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்து இளைஞர்களைப் போலத்தான். ஊரில் பிழைப்பு இல்லை, பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

ஜூனியர் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். தாத்தாவின் அப்பா யார், எந்த ஊர், என்ன வேலை என்று கேளுங்கள். பாட்டியின் பிறந்த ஊரையும், பாட்டியின் அம்மா பெயரையும் கட்டாயம் கேளுங்கள். அவர்கள் இனிஷியலிலும் இல்லை, பெரும்பாலான பட்டாக்களிலும் இல்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். சீனியர்கள் தங்கள் பிள்ளைகளுக்காக இதைச் செய்யலாம். எழுதி முடித்தவர்கள் அடுத்த மலருக்கு அனுப்பி வைத்தால், நம் கல்லூரிக் குடும்பம் எந்தெந்த ஆற்றங்கரைகளிலிருந்து வந்து சேர்ந்தது என்று எல்லோரும் தெரிந்துகொள்ளலாம்.