எல்லைக்கோடும் இசைமரபும்: தென்மேற்கு ஜெர்மானிய வானொலிப் பல்லியக் குழுவின் வரலாறு

கலைக்கு அரசரும் செல்வரும் புரவலராய் இருந்தது ஒரு காலம். பொதுமக்கள் செலுத்தும் வானொலிக் கட்டணமே புரவலனாய் அமைந்தது மற்றொரு காலம். இப்பிற்காலப் புரவலனின் ஆற்றலையும் அதன் எல்லையையும் ஒருங்கே காட்டுவது, 1946 முதல் 2016 வரை எழுபதாண்டுகள் வாழ்ந்த தென்மேற்கு ஜெர்மானிய வானொலிச் சிம்பொனிக் குழுவின் வரலாறு. நரம்புக் கருவிகளும் துளைக்கருவிகளும் தோற்கருவிகளும் ஓர் இயக்குநரின் கீழ் ஒருங்கிசைக்கும் இத்தகைய குழுவைப் பல்லியக் குழு என்னும் பெயரால் இக்கட்டுரை குறிக்கும்.

இக்குழுவின் தோற்றத்திற்குக் காரணம் இசையன்று, போர். 1945இல் தோல்வியுற்ற ஜெர்மனியை வென்ற நாடுகள் தம்முள் பகுத்துக்கொண்டன. பாடன், வியூர்ட்டம்பெர்க் ஆகிய இரு நிலப்பகுதிகளும் குறுக்கே பிளக்கப்பட்டன. வடபாதி அமெரிக்கர்க்கும் தென்பாதி பிரெஞ்சுக்காரர்க்கும் உரியவாயின. அமெரிக்கப் பகுதிக்கு ஸ்டுட்கார்ட் நகரில் ஒரு வானொலி நிலையம் இருந்தது. பிரெஞ்சுக்காரர் தம் தலைமையிடமாகிய பாடன்-பாடன் என்னும் ஊரில் 1946இல் மற்றொன்றைத் தொடங்கினர். நிலையத்தோடு குழுவும் பிறந்தது. ஸ்டுட்கார்ட் நிலையமும் தனக்கெனப் பல்லியக் குழு ஒன்றைப் பெற்றது. இங்ஙனம் ஓர் எல்லைக்கோடு இரு குழுக்களை ஈன்றது.

பாடன்-பாடன் குழு தனக்கென ஒரு நெறி வகுத்துக்கொண்டமைக்கு இருவர் காரணராவர். ஒருவர் 1946 முதல் நிலையத்தின் இசைத்துறைத் தலைவராய் இருந்த ஹைன்ரிஷ் ஸ்ட்ரோபல். மற்றவர் 1948 முதல் 1962இல் இறக்கும் வரை குழுவை இயக்கிய ஹான்ஸ் ரோஸ்பவுட். ரோஸ்பவுட் வானொலிக்குப் புதியவரல்லர். 1933 சனவரி 23ஆம் நாள், ஹிட்லர் ஆட்சியேறுதற்கு ஒரு வாரத்திற்கு முன், பார்ட்டோக் தம் இரண்டாம் பியானோ இசைப்படைப்பைப் பிராங்க்பர்ட்டில் முதன்முறை வாசித்தபோது, வானொலிக் குழுவை இயக்கியவர் அவரே. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் நாட்சி அரசு அத்தகைய புதுமையிசையில் பெரும்பகுதியைச் சீர்கெட்டதெனப் பழித்து ஒதுக்கியது. போருக்குப்பின் அவ்விசைக்கு மீண்டும் இடமளிப்பதையே இவ்விருவரும் தம் பணியாகக் கொண்டனர்.

டோனவெஷிங்கன் என்னும் சிற்றூரில் 1921இல் தொடங்கிய புத்திசை விழா இதற்குக் களமாயிற்று. 1950 முதல் நிலையம் அவ்விழாவுக்குத் துணை நின்றது. குழு ஆண்டுதோறும் ஆங்குப் புதுப்படைப்புகளை அரங்கேற்றியது. 1960இல் மெசியானின் ‘குரோனோகுரோமி’யும் பெண்டரெட்ஸ்கியின் ‘அனக்லாசிஸ்’சும், 1961இல் லிகெட்டியின் ‘அட்மாஸ்ஃபியர்ஸ்’சும் ரோஸ்பவுட்டின் தலைமையில் முதலில் ஒலித்தன. இறுதியாகக் கூறியதில் பாடற்போக்கென்று பிரித்துணரத்தக்கது ஏதும் இல்லை. தாளமும் செவிக்குப் புலப்படாது. நரம்புக் கருவியாளர் ஐம்பத்தறுவர்க்கும் தனித்தனி இசைப்பகுதி எழுதப்பட்டுள்ளது. ரோஸ்பவுட்டுக்குப்பின் 1964 முதல் 1979 வரை தலைவராய் இருந்த எர்னஸ்ட் பூரின் கீழ் இக்குழு பதிந்த அதே படைப்பு, 1968இல் வெளிவந்த குப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ என்னும் திரைப்படத்தில் இடம்பெற்றது. குழுவின் பெயரறியாதோரும் அதன் ஒலியைக் கேட்டனர்.

இத்தகைய இசையைப் பயில நெடும்பொழுது வேண்டும். அரங்கில் கேட்போரோ சிலர். நுழைவுச்சீட்டு வருவாயையே நம்பிய குழு இதனைத் தொடர்ந்து மேற்கொள்ளல் அரிது. வானொலிக் கட்டணத்தால் வாழ்ந்தமையின் இக்குழு அரங்கின் நிறைவு குறைவைப் பெரிதும் எண்ண வேண்டியதில்லை. 1986 முதல் 1999 வரை மிக்கேல் கீலன் தலைவராய் இருந்த காலத்தும் இந்நெறி தொடர்ந்தது.

ஆயின் குழுவை வாழ்வித்த அமைப்பே அதன் முடிவுக்கும் வழியாயிற்று. பிளவுண்ட நிலப்பகுதிகள் 1952இல் பாடன்-வியூர்ட்டம்பெர்க் என்னும் ஒரே மாநிலமாயின. வானொலி நிலையங்கள் 1998இல்தான் ஒன்றாயின. 2012இல் அவ்வொன்றிய நிலையம், சிக்கனம் கருதி இரு குழுக்களையும் இணைக்க முடிவு செய்தது. இசைவாணர் பலர் எதிர்த்தும் பயனில்லை. அப்போதைய தலைவர் பிரான்சுவா-சேவியர் ரோத்தின் கீழ் 2016 சூலையில் குழு தன் இறுதி இசை நிகழ்ச்சியை நடத்தியது. அவ்வாண்டு செப்டம்பரில் இணைந்த குழு ஸ்டுட்கார்ட்டைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கத் தொடங்கியது.

அயலார் இட்ட கோட்டால் தோன்றிய இரட்டைநிலை அக்கோடு அழிந்தபின் நீங்குதல் இயல்பே என்று வாதிடலாம். அவ்வாதம் தோற்றத்திற்குப் பொருந்தும், வளர்ச்சிக்குப் பொருந்தாது. ஸ்டுட்கார்ட் குழு 1998 முதல் 2011 வரை ரோஜர் நாரிங்டனின் கீழ், நரம்பிசையில் விரல் அசைவால் எழும் நடுக்கத்தை நீக்கிப் பழம்படைப்புகளை இசைக்கும் தனிமுறையை வளர்த்தது. பாடன்-பாடன் குழுவோ இதுவரை எவரும் கேளாததை முதலில் இசைக்கும் பயிற்சியை வளர்த்தது. ஒன்றின் பணியை மற்றொன்று செய்யவில்லை. எல்லைக்கோட்டை வரைபடத்தினின்று அழித்துவிடலாம். அதன் இருபாலும் எழுபதாண்டுகளில் விளைந்த பயிற்சி அக்கோட்டின் விளைவன்று. அது கூடியிருந்து இசைத்தோரின் கையிலும் செவியிலும் தங்கியது. இணைப்பைக் கணக்கிட்டோர் ஊதியத்தையும் இருக்கைகளையும் எண்ணினர். இப்பயிற்சியை எண்ண அவர்தம் ஏட்டில் இடமில்லை.

டோனவெஷிங்கன் விழா இன்றும் நடைபெறுகின்றது. ஆங்கு இணைந்த குழு இசைக்கின்றது. பழைய குழுவின் இறுதித் தலைவராகிய ரோத்தே 2025இல் அவ்விணைந்த குழுவுக்கும் தலைவரானார். மரபு முற்றும் அறுந்துவிடவில்லை என்பதற்கு இவை சான்று. எனினும் ஆண்டுதோறும் இருவேறு நெறியில் நடந்த பணி ஒரு குழுவின் மேல் ஏறியுள்ளது. அச்சுமையை அது எவ்வாறு தாங்குகின்றது என்பதே இனி இத்துறை ஆராய்வோர் நோக்கத்தக்கது.